உலையை நிறுத்தும் அதிகாரம் யார் கையில்?

கேள்வி:

சார், நாங்கள் தாராவியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் படிப்புக்காக நவி மும்பை காமோத்தேக்கு வந்தவர்கள். பக்கத்திலேயே தலோஜா எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை. சில இரவுகளில் மருந்து வாடை போல ஒன்று வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்போம். மகளுக்கு வீசிங் உண்டு. போபால் விஷவாயு ஆலையின் கழிவைப் பீதம்பூரில் எரித்த செய்தியைப் பார்த்ததிலிருந்து எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சு. இந்தியாவும் ரசாயன ஆயுதம் வைத்திருந்தது, அதையும் இப்படித்தான் எரித்தார்கள், மிச்சம் மீதி நம் பக்கம் வந்தாலும் வரும் என்று ஒருவர் எழுதிவிட்டார். என் வீட்டுக்காரர், "அரசாங்கமே பார்த்துச் செய்கிற வேலை, நீ பயப்படாதே" என்கிறார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அரசாங்கமே வைத்திருந்து, அரசாங்கமே எரித்து, அரசாங்கமே சரியாக எரிந்தது என்று சொன்னால், அதை யார் பார்ப்பது? எங்களைப் போன்றவர்கள் யாரிடம் என்ன கேட்கலாம்? இல்லை, வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவதுதான் நல்லதா?

காமோத்தே வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாட்ஸ்அப்பில் வந்ததில் பாதி உண்மை. இந்தியாவிடம் ரசாயன ஆயுதம் இருந்தது. 1992ல் பாகிஸ்தானுடன் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையில், எந்தச் சூழ்நிலையிலும் ரசாயன ஆயுதம் தயாரிக்கவோ பெறவோ மாட்டோம் என்று நம் அரசு சொன்னது. ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஜூனிலேயே தோலைக் கொப்புளிக்க வைக்கும் கந்தக மஸ்டர்ட் என்ற ரசாயன ஆயுதம் 1,044 டன் கைவசம் இருப்பதாக இந்தியா அறிவித்தது. 2009 மார்ச்சுக்குள் அது முழுவதும் அழிக்கப்பட்டது. அல்பேனியாவுக்கும் தென்கொரியாவுக்கும் அடுத்து, இருப்பை முழுவதுமாக அழித்து முடித்த மூன்றாவது நாடு நாம்தான். தி ஹேகில் இருக்கும் ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் அதைச் சரிபார்த்தார்கள். ஆகவே அறிவிக்கப்பட்ட அந்த இருப்பில் மிச்சம் எதுவும் இல்லை. லாரியில் ஏற்றி தலோஜாவுக்குக் கொண்டுவருவார்கள் என்ற பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு இடித்த இடம் சரியான இடம். அதைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும்.

எரிப்பதன் வேதியியலை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயத்தில் எது தேவையானது, எது தேவையற்றது என்று தெரிய வேண்டும் அல்லவா? மஸ்டர்டில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், கந்தகம், குளோரின். நன்றாக எரிந்தால் அது கரியமில வாயுவாகவும், நீராவியாகவும், கந்தக டைஆக்சைடாகவும், ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்துவிடும். கடைசி இரண்டையும் காரநீரில் கழுவி எடுக்கலாம், அதற்குத்தான் ஸ்க்ரப்பர். பூச்சிக்கொல்லி ஆலைக் கழிவும், மருந்து ஆலையின் குளோரின் கலந்த கரைப்பான்களும் ஏறத்தாழ இதே வழியில்தான் அழிகின்றன. நம் நாட்டு விதிப்படி, அபாயக் கழிவு எரிஉலையின் இரண்டாம் அறையில் 1,100 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். வாயு குறைந்தது 2 விநாடி அங்கே தங்க வேண்டும். புகைபோக்கியில் டையாக்சின், ஃபியூரான் என்ற நச்சுச் சேர்மங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற நச்சு அளவைத் தாண்டக் கூடாது. இது உலகத்தின் கடுமையான அளவுகளோடு ஒப்பிடத் தக்கது. உலோகங்கள் மட்டும் எரிவதில்லை. கழிவில் பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தால் அது புகையில் போகும், அல்லது சாம்பலில் தங்கும். உலைக்குள் போனதால் அது காணாமல் போகாது.

காகிதத்தில் விதி நன்றாக இருக்கிறது. கழிவை ஓரளவு பாதுகாப்பாக எரிக்கத் தொழில்நுட்பமும் இருக்கிறது. அப்படியானால் சிக்கல் எங்கே? ஈர விறகைத் திணித்ததும் அடுப்பு புகைவது போல, உலையும் எல்லா நேரமும் ஒரே மாதிரி எரிவதில்லை. ஒரு டிரம்மில் எதிர்பார்த்ததைவிட அதிகக் குளோரின் இருக்கும். மின்சாரம் போகும். விசிறி நின்று அழுத்தம் ஏறும். அப்போது உலை வெடித்துவிடாமல் இருக்க அவசரப் புகைபோக்கியின் மூடி திறக்கும், வாயு ஸ்க்ரப்பருக்குப் போகாமல் நேராக வெளியே போகும். உலையைப் பற்ற வைக்கும்போதும் அணைக்கும்போதும் வெப்பம் போதாமல் இருக்கும். ஊருக்கு வரும் கெடுதலில் பெரும்பகுதி இந்த மோசமான மணி நேரங்களில்தான் வருகிறது. டையாக்சினை அளப்பதோ சுலபமில்லை. ஆள் வந்து, புகைபோக்கியில் ஏறி, பல மணி நேரம் மாதிரி எடுத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்கூட்டியே நாள் குறிப்பார்கள். குறித்த நாளில் எந்த உலையும் நன்றாகத்தான் ஓடும். நல்ல கழிவைப் போட்டு, நிதானமாக ஓட்டுவார்கள். அந்த அறிக்கை பொய் இல்லை. ஆனால் அது அந்த உலையின் நல்ல நாளைப் பற்றிய அறிக்கை.

ஆகவே கண்காணிப்பு என்று யாராவது சொன்னால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த மோசமான மணி நேரத்தில் கழிவு உள்ளே போவதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? வேலை சீக்கிரம் முடிந்தால் அவருக்கு ஆதாயம் உண்டா, இல்லையா? கழிவின் சொந்தக்காரருக்கு அது சீக்கிரம் முடிய வேண்டும். எரிக்கும் ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம். இவர்கள் இருவரையும் சேராத மூன்றாவது ஒருவர் நிறுத்து என்று சொல்லி, உலை உண்மையில் நின்றால், அங்கே கண்காணிப்பு இருக்கிறது. அரசே கழிவின் சொந்தக்காரராக இருக்கும்போது இந்த மூன்றாவது ஆள் கிடைப்பதுதான் கடினம். உங்கள் கேள்வி அதுதான்.

அமெரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ராணுவத்தின் கையை அரசாங்கத்தின் இன்னொரு கை பிடித்து நிறுத்திய சம்பவங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன.

1960களில் அமெரிக்க ராணுவம் பழைய ரசாயன ஆயுதங்களைப் பழைய கப்பல்களில் ஏற்றி, கப்பலோடு கடலில் மூழ்கடித்துக்கொண்டிருந்தது. 1968ல் யூட்டா மாநிலத்தில் நரம்பு விஷச் சோதனை நடந்த தளத்துக்கு அருகே, ஸ்கல் வேலி என்ற பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான செம்மறியாடுகள் செத்து விழுந்தன. மக்கள் கொதித்தார்கள். 1969லும் 1970லும் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. இந்த ஆயுதங்களை இடம் மாற்றுவதோ அழிப்பதோ, ராணுவம் தானே முடிவு செய்து செய்துவிட முடியாது; மக்கள் நல்வாழ்வுத் துறை திட்டத்தை ஆராய்ந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்றது. அந்த வேலையைப் பிற்பாடு சிடிசி என்கிற சுகாதார அமைப்பு பார்த்தது. ஆயுதத்தை வைத்திருப்பது ஒரு துறை, மக்களின் உடம்பைப் பற்றிக் கேட்பது வேறொரு துறை.

1985ல் எல்லா ரசாயன ஆயுதத்தையும் அழித்துவிட வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1994க்குள் முடிக்கத் திட்டம். 30,000 அமெரிக்க டன்னுக்கு மேல் இருந்தது. பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் தீவிலும், யூட்டா, அலபாமா, ஆர்கன்சா, ஒரிகன் மாநிலங்களிலும் எரிஉலைகள் கட்டினார்கள். இதற்கிடையே 1992ல் வந்த ஒரு சட்டத்தை நான் மிகவும் முக்கியமானதாக நினைக்கிறேன். அதுவரை, மத்திய அரசின் தளம் அபாயக் கழிவு விதியை மீறினால் மாநில அரசு அபராதம் போட முடியாது என்ற நிலை இருந்தது. அரசுக்கு அரசு அபராதம் போடுவதாவது என்ற வாதம். மத்திய அரசுத் தளங்களுக்கான அந்தச் சட்டம் இந்தக் கவசத்தைக் கழற்றிவிட்டது. ராணுவத் தளமே ஆனாலும் மாநிலத்திடம் அனுமதி வாங்க வேண்டும், மீறினால் தண்டம் கட்ட வேண்டும்.

அது வெறும் எழுத்தாக இருக்கவில்லை. யூட்டாவின் டூவில்லா உலையில் 2000ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி இரவு, புகைபோக்கி வழியாகச் சாரின் என்ற நரம்பு விஷம் வெளியே வந்தது. மில்லிகிராம் கணக்கில்தான், வெளியே யாருக்கும் கெடுதல் நேரவில்லை. இருந்தும் மாநிலமும் சிடிசியும் விசாரித்தன. உலை மாதக்கணக்கில் நின்றது. அதே டூவில்லாவில், மஸ்டர்ட் கொள்கலன்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது மாதிரி எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பல பத்தாண்டுகளாகத் தானே பூட்டி வைத்திருந்த பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று சொந்தக்காரருக்கே முழுதாகத் தெரியவில்லை. பாதரசத்தைப் பிடிக்கக் கூடுதலாகக் கார்பன் வடிகட்டி வைத்த பிறகுதான் அதை எரித்தார்கள். மாதிரி எடுக்காமல் எரித்திருந்தால் அது அத்தனையும் காற்றில் போயிருக்கும்.

கென்டக்கியில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். 1984ல் ராணுவம் ரிச்மண்ட் என்ற ஊரில் கூட்டம் போட்டு, புளூ கிராஸ் என்ற ராணுவக் கிடங்கில் இருப்பதை அங்கேயே எரிக்கப் போகிறோம் என்றது. ஊர்க்காரர்கள் ஒப்பவில்லை. கிரெய்க் வில்லியம்ஸ் என்ற, வியட்நாம் போரில் பணியாற்றிவிட்டு வந்து மரவேலை செய்துகொண்டிருந்தவர் முன்னால் நின்றார். அவர்கள் வேண்டாம் என்று சொன்னதோடு நிற்கவில்லை. எரிக்காமல் வேறு வழியில் அழிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1996ல் நாடாளுமன்றம் மாற்று வழிகளைச் சோதிக்க உத்தரவிட்டது. கடைசியில் புளூ கிராஸில் நரம்பு விஷத்தைக் காரநீரில் கலந்து சிதைக்கும் முறையே கட்டப்பட்டது. 2023 ஜூலை 7ஆம் தேதி, சாரின் நிரப்பிய கடைசி ராக்கெட் அங்கேதான் அழிந்தது. குறித்த கெடுவுக்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம். இந்தத் தாமதத்தை வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன்; அதில் ஒரு பகுதி, ஊர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேட ஆன காலம்.

இதற்கு எதிரான கதையும் அதே நாட்டில் இருக்கிறது. இண்டியானாவின் நியூபோர்ட்டில் விஎக்ஸ் என்ற நரம்பு விஷத்தைக் காரநீரில் சிதைத்தார்கள். சிதைத்த பிறகு மிஞ்சும் கழிவுநீர் ஆயுதம் ஆகாது, ஆனால் அரிக்கும் தன்மையுள்ள அபாயக் கழிவு. அதை எங்கே கொண்டுபோவது? ஒஹாயோவில் ஓர் ஆலைக்கு அனுப்பப் பார்த்தார்கள், ஊர் எதிர்த்தது. நியூ ஜெர்சி ஆலைக்கு அனுப்பப் பார்த்தார்கள், அங்கும் எதிர்ப்பு. அந்த நிறுவனமே விலகிக்கொண்டது. 2007ல் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் இருந்த ஒரு தனியார் எரிஉலைக்கு லாரிகள் புறப்பட்டன. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த ஊர். ஆலை வேலிகளை ஒட்டி வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் தடை தரவில்லை, லாரிகள் தொடர்ந்து வந்தன. ஆயுதத்துக்கு இருந்த கட்டுக்காவலும் குடிமக்கள் குழுவும் அந்தக் கழிவுநீரோடு கூடவே வரவில்லை. பெயர் மாறியதும் கண்காணிப்பும் இளகிவிட்டது. உங்கள் ஊரைப் போன்ற இடத்துக்குப் பாடம் கென்டக்கியைவிட இதில்தான் அதிகம். உங்கள் பக்கம் ஏதாவது வந்தால் அது "ரசாயன ஆயுதம்" என்ற பெயரோடு வராது. அபாயக் கழிவு, இன்ன வகை, இத்தனை டன் என்றுதான் வரும்.

தி ஹேக் ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பார்ப்பது கணக்கை: இத்தனை டன் அறிவித்தீர்கள், இத்தனை டன் அழிந்ததா, ஒரு குண்டு எங்காவது நழுவியதா என்பதை. தண்ணீரில் கொட்டக் கூடாது, மண்ணில் புதைக்கக் கூடாது, திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று உடன்படிக்கை தடுத்திருக்கிறது. மக்களின் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் முதலிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் புகையில் எது எவ்வளவு இருக்கலாம் என்பது அந்தந்த நாட்டின் சட்டம். அதைப் பார்க்க வேண்டியது அந்தந்த நாட்டின் அமைப்புகள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பீதம்பூரில் எரிந்தது ஆயுதம் இல்லை, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் கிடந்த கழிவு. ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இந்திய உதாரணம் கிடைக்காது. ஆலை இருந்த நிலம் 1998லேயே மத்தியப் பிரதேச அரசின் கைக்கு வந்துவிட்டது. ஆக, கழிவைக் கையில் வைத்திருந்தது அரசு. எங்கே எரிப்பது என்ற அலைச்சலும் போர்ட் ஆர்தர் கதையை அப்படியே ஒத்திருக்கிறது. குஜராத்தின் அங்கலேஷ்வருக்கு அனுப்ப நினைத்தார்கள், 2007ல் குஜராத் முடியாது என்றது. 2011ல் நாக்பூர் அருகே ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் எரிஉலைக்கு அனுப்பச் சொன்னார்கள், நம் மகாராஷ்டிரம் எதிர்த்தது. 2012ல் ஜெர்மனிக்கு விமானத்தில் அனுப்பும் பேச்சு எழுந்து அடங்கியது. கடைசியில் அது இந்தூர் பக்கத்துத் தொழிற்பேட்டையான பீதம்பூரில் வந்து நின்றது.

2024 டிசம்பர் 3ஆம் தேதி மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், நாலு வாரத்தில் கழிவை அகற்று என்றது. 2025 புத்தாண்டு இரவு 12 கண்டெய்னர்களில் 337 டன் கிளம்பியது. அது வந்து சேர்ந்த மறுநாளே பீதம்பூர் கொந்தளித்தது. இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். அதற்குப் பிறகுதான், மக்களுக்கு விளக்கிச் சொல்ல ஆறு வாரம் கொடுத்தது நீதிமன்றம். கண்டெய்னர் முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. இந்த வரிசைதான் தவறு. பொறியியலில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த வரிசை தலைகீழானால் ஊர் நம்பாது, நம்பவும் கூடாது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு சோதனை ஓட்டம் முறையாக நடந்தது. பத்துப் பத்து டன்னாக மூன்று முறை, மணிக்கு 135, 180, 270 கிலோ என்று வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார்கள். மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் அங்கே இருந்தன. அளவுகள் வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. மீதியை ஜூன் கடைசிக்குள் எரித்து முடித்தார்கள். ஆனால் அத்தோடு கதை முடியவில்லை. 337 டன் எரிந்து, சுண்ணாம்பு போன்றவை சேர்த்த எச்சமாக 800 டன்னுக்கு மேல் மிஞ்சியது. அதை எங்கே, எப்படிப் புதைப்பது என்பது மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது. எரித்துவிட்டோம் என்ற செய்தியைப் பார்த்து ஊர் மறந்துவிடும். சாம்பல் அந்த மண்ணில் பல தலைமுறைக்கு இருக்கும். கண்காணிப்பு அங்கேதான் நீள வேண்டும்.

பீதம்பூரில் மூன்றாவது ஆளாக நின்றது நீதிமன்றம். மாநில அரசின் கழிவை மாநில அரசின் வாரியம் பார்த்துக்கொண்டிருக்க, வெளியிலிருந்து கேள்வி கேட்ட இடம் அது. நீதிபதிகள் தினமும் புகைபோக்கியைப் பார்க்க முடியாது. அதனால்தான் உங்களைப் போன்றவர்களின் கையில் ஆவணம் இருக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தருவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் சிலவற்றை விலக்கி வைத்திருக்கின்றன: கதிரியக்கக் கழிவு, மருத்துவக் கழிவு, நகராட்சிக் குப்பை என்று. அந்த விலக்குப் பட்டியலில் ராணுவக் கழிவு இல்லை. பொது அபாயக் கழிவு மையம் புதிதாகக் கட்டவோ விரிவாக்கவோ முன் அனுமதி வேண்டும். எரிப்பதும் புதைப்பதும் சேர்ந்த மையமென்றால் அதை மத்திய அரசே ஆராய வேண்டும். பொது விசாரணை நடந்தால் 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு சார்ந்த திட்டம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டால் பொது விசாரணை தேவையில்லை. டி.ஆர்.டி.ஓ. போன்ற அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலிலும் இருக்கின்றன. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் மட்டும் அதற்கு விதிவிலக்கு. ஆயுதத்தின் சூத்திரமும் கிடங்கின் இடமும் ரகசியமாக இருக்கலாம். ஆனால் புகைபோக்கியிலிருந்து ஊருக்குள் வரும் வாயுவின் அளவில் ராணுவ ரகசியம் என்ன இருக்கிறது? இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கழிவு, தளத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து சாதாரணக் குடிமகனின் சட்டம்தான் பேச வேண்டும்.

தலோஜாவில் மும்பைப் பகுதிக்கான பொது அபாயக் கழிவு மையம் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு எந்த ஓட்டையும் தடையில்லை. உங்கள் பெயரில், மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் நாற்றம் வருகிறது" என்று கேட்காதீர்கள்; ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது. இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். முதலில், மையத்துக்குக் கொடுத்த அனுமதி ஆணை: எந்தெந்த வகைக் கழிவு, எத்தனை டன், என்ன நிபந்தனை. அடுத்ததுதான் உயிர்நாடி. குறிப்பிட்ட மூன்று மாதத்துக்கான தொடர் கண்காணிப்புக் கருவியின் பதிவு, சராசரி வேண்டாம், முழுப் பதிவு. அதோடு, கழிவு உள்ளே போவது தானாக நின்ற நேரங்களின் பதிவேடும், அவசரப் புகைபோக்கி திறந்த நேரங்களின் பதிவேடும். டையாக்சின் அறிக்கை கேட்கும்போது, மாதிரி எடுத்த தேதி, தொடங்கி முடிந்த நேரம், அந்த நேரத்தில் உலைக்குள் போன கழிவு எது, மணிக்கு எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. வாரியம் அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸ்கள், பறிமுதல் செய்த வங்கி உத்தரவாதங்கள் ஆகியவற்றையும் கேளுங்கள். ஓர் ஆலையின் குணம் அதில்தான் தெரியும். சாம்பல் புதைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் தண்ணீர்ப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

கழிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமென்றால் மேனிஃபெஸ்ட் என்ற அனுப்புச் சீட்டு இருக்கிறது. ஒவ்வொரு லாரிக்கும் ஏழு நிறத்தில் ஏழு படிகள். அனுப்பியவர், ஏற்றியவர், வாங்கியவர், வாரியம் என்று பிரிந்து போகும். வெளி மாநிலத்திலிருந்தோ பாதுகாப்புத் துறை நிறுவனத்திலிருந்தோ ஏதாவது வந்திருந்தால் அங்கே எழுத்தில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவின் சந்தேகம் அந்தக் காகிதத்தில் தீரட்டும்.

பதில் வர 30 நாள். வராவிட்டால், அல்லது மழுப்பினால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வணிக ரகசியம் என்று மறுத்தால், பொது நலன் பெரிதாக இருந்தால் தர வேண்டும் என்று அதே பிரிவில் எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். இந்தச் சட்டம் நகல் மட்டும் தருவதில்லை; ஆவணங்களை நேரில் போய்ப் பார்க்கவும் உரிமை தருகிறது. நாலு பேராகப் போங்கள், ஒருவராவது கணக்கு தெரிந்தவராக இருக்கட்டும். இன்னொன்று, இதற்கு மனுவே வேண்டாம். அபாயக் கழிவு கையாளும் ஆலைகள் தங்கள் வாசலில் கழிவின் அளவையும் தன்மையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலோஜா பக்கம் போய், பலகை இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆவணத்தில் மீறல் தெரிந்தால் புனேயில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் மேற்கு மண்டல அமர்வு இருக்கிறது. காரணம் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் இரவு வாடையைப் பற்றி. தலோஜாவில் ரசாயனம், மருந்து, மீன் பதப்படுத்தல் என்று நூற்றுக்கணக்கான ஆலைகள் இருக்கின்றன. அந்த வாடை எரிஉலையிலிருந்துதான் வருகிறது என்று உங்கள் கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. சொன்னால் தவறான கதவைத் தட்டுவீர்கள். டையாக்சினுக்கு வாடை கிடையாது. உங்கள் மூக்குக்குத் தெரிவது பெரும்பாலும் கரைப்பானோ கந்தகச் சேர்மமோதான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எது போன்ற வாடை, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். நாலைந்து பில்டிங்கில் இதே போல எழுதினால் போதும். வெவ்வேறு இடத்தில் ஒரே நேரத்தில் பதிவான வாடையை வைத்து எந்தத் திசை என்று சொல்லிவிடலாம். அதையும் உலையின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். வாடை வரும்போதே வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்குப் புகார் கொடுத்து எண் வாங்குங்கள்.

மகளுக்கு எது காரணமாக இருந்தாலும் சிகிச்சை தள்ளிப் போகக் கூடாது. நுரையீரல் மருத்துவரிடம் அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். வாடை வந்த இரவுகளுக்கு மறுநாள் இன்ஹேலர் அதிகம் தேவைப்படுகிறதா என்று அவர் பார்க்க முடியும்.

வீட்டை விற்பது பற்றி. இப்போது விற்காதீர்கள். இன்று உங்களிடம் இருப்பது ஒரு சந்தேகமும் ஒரு செய்தியும்தான்; அதை வைத்து இவ்வளவு பெரிய முடிவு எடுக்க வேண்டாம். மனுவின் பதில், நோட்டு, மருத்துவரின் கருத்து, மூன்றும் கைக்கு வரட்டும். அவசரப் புகைபோக்கி மாதத்துக்குப் பல முறை திறந்திருந்தால், மகளின் மூச்சுத் திணறலும் அந்த இரவுகளோடு ஒத்துப்போனால், அப்போது நானே போங்கள் என்று எழுதுவேன். போவதற்கு முன்பு தீர்ப்பாயத்துக்கும் போகச் சொல்வேன்.

மனுவை மராத்தியில் போட்டால் அலுவலகத்தில் வேலை சுலபமாக நடக்கும். உங்கள் சொசைட்டியில் எழுதித் தர யாராவது நிச்சயம் இருப்பார்கள். பதிவேடுகளின் நகல் கிடைத்ததும் பக்கம் எதையும் விடாமல் இந்த முகவரிக்கே அனுப்பி வையுங்கள், வெப்பம் 1,100க்குக் கீழே இறங்கிய இடங்களைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.